ஹமீதா பஸ் ஏறியது சரிதான்

செவ்வாய்க்கிழமை வகுப்புக்குக் கமீலா கொண்டுவந்த கதைக்கு நான் எழுதிக் கொடுத்த கருத்து இதுதான்: "முடிவு சரியானது. ஹமீதா வேறு எதைச் செய்திருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்." எழுதுவதற்கு முன் கதையை இரண்டு முறை வாசித்தேன்.

தில்லையடியில் நடக்கும் உயர்தரத் தமிழ் மாலை வகுப்பு அது. பதினொரு பேர் படிக்கிறோம், எல்லோரும் பகலில் வேலை செய்கிறவர்கள். நான் மாம்புரிப் பக்கம் ஓர் இறால் பண்ணையில் தண்ணீர் பரிசோதிக்கிறேன். கிழமைக்கு ஒருவர் ஏதாவது சஞ்சிகையில் வந்த ஒரு சிறுகதை கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் அதன் முடிவைப் பற்றிக் கடதாசித் துண்டில் எழுதி, பெயரிட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். "முடிவப் பத்தின கருத்தில பிழை என்டு ஒன்டு இல்ல. காரணத்த மட்டும் எழுதுங்க" என்பார் எங்கள் ஆசிரியர் இனாஸ் சேர்.

கமீலாவின் கதையில் ஹமீதா மீன் ஏலத்தில் தராசு பிடிப்பவள். கலியாணம் முடிந்த மறுமாதம் வேலையை விட்டுவிட்டுப் புருசனோடு பஸ் ஏறுகிறாள். வகுப்பில் ஏழு பேர் கூடாத முடிவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹமீதா முதல் பத்தியிலிருந்தே தராசைப் பார்ப்பதில்லை, வீதியைத்தான் பார்க்கிறாள்.

வகுப்பு கலைந்ததும் கமீலா என் துண்டை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்தாள். மற்றவை மேசையிலேயே கிடந்தன.

"அப்ப ஹமீதா செஞ்சது உனக்குச் சரிதானே?"

"கதைக்குச் சரி."

"சரிதானே" என்றுவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் இப்படி எழுதினேன்: கதை எந்தச் சஞ்சிகையில் வந்தது என்று கேட்டதற்கு, ஞாபகம் இல்லை என்றாள் கமீலா. போன மாதம் ஒரு கலியாண வீட்டில் அவளுடைய உம்மா என்னிடம் எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று கேட்டார். அவளோடு கூடப்பிறந்த நானா றிஸ்கானுக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் நான் எல்லோரையுமே வீணாகச் சந்தேகிக்கிற ஆள். அதனால் எழுதியதை வெட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என் உம்மா சொன்னார்: "கமீலாட உம்மா போன் எடுத்தாங்க. றிஸ்கானுக்கு உன்னக் கேக்குறாங்க. ஞாயித்துக்கெழம வாறாங்களாம்."

"என்ட வேலையப் பத்தி என்ன செல்றாங்க?"

"அதக் கேக்கத்தான் நான் பயந்தன். கலியாணத்துக்குப் பொறகு வேலைய விடுறது சரின்டு நீயே எழுதிக் குடுத்திருக்கியாமே. சந்தோசமாக் கதச்சாங்க."

அன்று முழுக்க நான் என்னையே சோதித்தேன். வேலையை விட எனக்கே உள்ளூர ஆசையா? அதுதான் கருத்தாக வந்துவிட்டதா? பண்ணையில் போத்தலை வெளிச்சத்துக்குப் பிடிக்கும்போது என் கண் எங்கே போகிறது என்று பார்த்தேன். போத்தலில்தான் இருந்தது.

சனிக்கிழமை கமீலாவின் வீட்டுக்குப் போனேன்.

"கதைய எழுதினது நீதானே?"

"ஓம்" என்றாள், தயங்காமல். "நேராக் கேட்டா நீ மூணு தரம் யோசிச்சு மூணு பதில் செல்வ. கதை என்டா மனசில உள்ளது வரும்ண்டு நெனச்சன்."

அதில் பாதி உண்மை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"இப்ப என்ன குடியா முழுகிட்டு? முடிவு பிழை என்டு இன்னொரு துண்டு எழுதித் தா. உம்மாட்டக் காட்டுறன். உன்ட வேலையும் மிஞ்சும், கலியாணமும் நடக்கும்."

பேனையை வாங்கினேன். ஒரு வரிதான். ஆனால் அந்த முடிவு பிழையில்லை. இன்று பொய் எழுதிக் கொடுத்தால், நாளைக்கும் அந்த வீட்டில் என் பேச்சைக் கேட்காமல் துண்டைத்தான் கேட்பார்கள்.

"ஹமீதா போகத்தான் வேணும், கமீலா. நான் போகமாட்டன்."

"இத எப்படி நான் உம்மாட்டச் செல்ற?"

"நானே செல்றன்."

ஞாயிறன்று வந்தார்கள். றிஸ்கான் முன் அறையில் என் வாப்பாவோடு இருந்தார். உள்ளே கமீலாவின் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹமீதா மாதிரிப் புள்ள இந்தக் காலத்தில எங்க கெடைக்கிது" என்றார்.

"ஹமீதா விட்டது சரி, மாமி. நான் வேலைய விடமாட்டன்."

அவர் கோப்பையை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "எழுதிக் குடுத்தா என்டாய்?"

"கதைக்குத்தான் எழுதினா, உம்மா. கதைய எழுதினது நான்."

"நீ எழுதின கதைக்கா என்னய இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்த?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தார்கள்.

நாலு நாளாகிவிட்டது, போன் வரவில்லை. "கூடாதுண்டு எழுதித் தொலச்சிருந்தா என்ன" என்கிறார் என் உம்மா. எனக்கு வேறு யோசனை. அன்று இரண்டு அறைக்கும் நடுவே கதவு திறந்துதான் இருந்தது. நான் சொன்னது றிஸ்கானுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு தன் உம்மாவின் பின்னால் இறங்கிப் போனார். இனி போன் வந்தாலும், அவரே தன் வாயால் என்னைக் கேட்காமல் நான் ஓம் சொல்லப் போவதில்லை.