எண்பத்து நாலாயிரத்து முந்நூறு

கணவன் லூர்துநாதனின் பெயரை ரோசலின் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. இருபத்தொன்பது வருஷமாக அவன் 'ஏங்க'தான். வின்சென்ட்டின் பெயரை மட்டும் அன்று காலையிலிருந்து பதினோரு முறை சொல்லிவிட்டாள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான்.

வின்சென்ட் முந்தின நாள் சென்னைக் கப்பலில் வந்து இறங்கியிருந்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் அந்தமானில் இந்த ஹேடோவை விட்டுத் தூத்துக்குடிக்குப் போனவன். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் அவன் எதிர்ப்பட்டபோது ரோசலின் நலம் விசாரிக்கவில்லை.

"வின்சென்ட்! எண்பத்து நாலாயிரத்து முந்நூறு!"

"அரே, இன்னுமா ஞாபகம் இருக்கு?"

"எத்தனை தடவை எழுதியிருப்பேன்! மத்தியானம் சோத்துக்கு வந்துருங்க."

எழுதியது உண்மைதான். கப்பல் ஜெட்டிக்குப் போகும் வழியில் அவள் அப்பா வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மூன்று மெஷின்கள். டோக்கன் கொடுப்பது ரோசலின். ஒரு மெஷினில் மேலிருந்து பூச்சிகளாக இறங்கும்; கீழே ஒரு கப்பலை வைத்துக்கொண்டு சுட வேண்டும். 'பூச்சி கேம்' என்றால் வார்ஃப் முழுக்கத் தெரியும். கரண்ட் போனால் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். கரண்ட் தினமும் போகும். அதனால் முதல் இடத்து எண்ணைச் சிலேட்டில் எழுதித் தன் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தாள். ஈரக் காற்றில் சாக்பீஸ் கரையக் கரைய மறுபடி எழுதுவாள். இரண்டு வருஷம் அந்த எண் மாறவில்லை. அது வின்சென்ட்டின் எண்.

"என்னோடது எவ்வளவு?" வீட்டுக்கு நடக்கும்போது லூர்துநாதன் கேட்டான்.

"உங்களோடதா?" அவள் யோசித்தாள். "அதெல்லாம் எங்க எழுதுனேன்?"

வின்சென்ட் வந்தான். முடி கொட்டவில்லை. தொப்பை இல்லை. அது போதாதென்று டிவியில் செருகுகிற சின்னப் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்திருந்தான். உள்ளே பழைய கேம்கள் இருநூறு. சூரை மீன் குழம்பில் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போயிற்று.

"லூர்து எப்பவும் ரெண்டு நிமிஷத்துல அவுட்," என்று சிரித்தான் வின்சென்ட். "டோக்கனுக்கு ஓடிக்கிட்டே இருப்பான்."

"வேணும்னேதான் தோப்பாரு," என்றாள் ரோசலின்.

"என்னது?"

"அப்பத்தான திரும்பத் திரும்ப என்கிட்ட வரலாம். டோக்கன வாங்கிட்டும் போக மாட்டாரு. என்னையே பார்த்துக்கிட்டு நிப்பாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு. அதப் பார்த்துத்தான் இவரையே கட்டிக்கிறேன்னு அப்பாகிட்ட சொன்னேன்."

லூர்துநாதனின் கை சோற்றில் நின்றது.

இதை அவள் இதுவரை சொன்னதில்லை. அவன் ஒருமுறைகூட வேண்டுமென்று தோற்றதில்லை. உயிரைக் கொடுத்து ஆடித்தான் தோற்றான். டோக்கனுக்குப் போய் நின்றபோதெல்லாம் பார்த்தது அவள் தலைக்கு மேலே தொங்கிய சிலேட்டை. அவள் முகத்தை நிதானமாகப் பார்த்ததே இரண்டு வீட்டிலும் பேசி முடித்த பிறகுதான்.

இது தெரிந்தவன் உலகத்தில் ஒருவன். ஒரு மழை நாளில் அந்த மெஷினுக்குப் பின்னால் நின்று லூர்துநாதன் அழுதபோது, "விடுடா, கேம்தானே" என்று தோளில் தட்டியவன். இப்போது எதிரே உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் எதை நம்பிக் கழுத்தை நீட்டினாளோ அது இல்லாமல் போகும்.

வின்சென்ட் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து, ரோசலின்," என்றான்.

சாப்பிட்டதும் பெட்டியைச் சுவரில் உயரமாக மாட்டியிருந்த டிவியில் செருகினார்கள். அதே பூச்சிகள். அதே ஓசை. முதலில் வின்சென்ட் ஆடினான். நாற்பத்தோராயிரத்து இருநூறு. எண் திரையின் உச்சியில் போய் நின்றது.

"சலோ, உன் முறை."

லூர்துநாதன் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான். ஒரே ஒருமுறை, அதுவும் இவள் முன்னால் ஜெயித்தால் போதும். அதன்பிறகு இவன் வாயைத் திறந்தாலும் திறக்கட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டான். கட்டைவிரல் வலித்தது. ஆறாயிரத்தில், ஓர் ஆட்டத்துக்குக் கிடைக்கும் மூன்று கப்பலும் போய்விட்டன.

ரோசலின் தேநீர்த் தட்டோடு வந்து டிவிக்குக் கீழே நின்றாள்.

"பார்த்தீங்களா வின்சென்ட், இன்னைக்கும் வேணும்னே தோக்குறாரு!"

லூர்துநாதன் தலையைத் தூக்கினான். அவள் உச்சந்தலைக்கு மேலே வின்சென்ட்டின் எண் மின்னிக்கொண்டிருந்தது.

"இதோ, இப்படியேதான் பார்ப்பாரு," என்றாள். ஐம்பத்தொரு வயது முகம் சிவந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

வின்சென்ட் திரும்பினான். லூர்துநாதனின் கண் போன வழியே அவன் கண்ணும் போய், அவளைத் தாண்டி மேலே ஏறி, எண்ணில் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

"ஆமா," என்றான். "இப்படியேதான்."

லூர்துநாதன் ஜெயித்தது ஒன்றே ஒன்று; அதையும் வின்சென்ட்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

லூர்துநாதன் மறுபடி பொத்தானை அழுத்தினான்.