பன்னிரண்டாவது பலகை

போன வருடம் சுதாகரன் செய்த வில், அவன் தங்கச்சி விஜயகலாவின் முகத்துக்கு நேரே முறிந்தது. ரப்பர் மரத்தில் செய்த வில். தெறித்த சிராய் வலது கண்ணுக்குக் கீழே குத்தி, மூன்று தையல் போட்டார்கள். தெஹியோவிட்ட பக்கத்து ரப்பர் தோட்டப் பாடசாலையில் அவள் விளையாட்டு டீச்சர். அவன் அதே தோட்டத்து பெக்டரியில் தச்சன். அதற்குப் பிறகு அவன் வில்லைப் பற்றிப் பேசவே இல்லை.

இந்த வருடம் அவளே ஆரம்பித்தாள். "மரவில் போட்டி வருதுண்ணே. நீங்க செய்யாட்டி நானே செஞ்சுக்குவேன்."

சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் அவனுக்குப் பயம்.

பெக்டரிக்குப் புது மெஷின் வந்த பெட்டியின் பலகைகளை வேண்டாமென்று ஒதுக்கியிருந்தார்கள். வெளுத்த, பாரமில்லாத மரம். தோட்டத்தை நடத்தும் துரையிடம் கேட்டு, பன்னிரண்டு பலகைகளை ஓட்டோவில் ஏற்றி மரம் அறுத்து விற்கும் ஜாபிர் நானாவின் மரக்காலைக்குக் கொண்டுபோனான்.

நானா ஒன்றைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். "இது பொப்லர். நல்லா வளையும். ஆனா தனிய நிக்காது தம்பி. இத நடுவுல வச்சு, ரெண்டு பக்கமும் மெல்லிசாச் சீவின பாக்கு மரச் சிலாகை ஒட்டுங்க."

"எந்தப் பலகைய எடுக்கிறது நானா?"

"ஓரத்துல உளி வச்சுப் பிளந்து பாருங்க. பிளவு நேரா ஓடணும். சாஞ்சு ஓடினா, வில்லும் அங்கதான் உடையும்."

ஒன்பதில் பிளவு பாதியிலேயே சாய்ந்தது. இரண்டில் முடிச்சு. கடைசிப் பலகையில் சுதாகரன் உளியை வைத்தான். ஒரு தட்டு. பிளவு நூல் பிடித்ததுபோல மறுமுனை வரை போய் நின்றது.

"ஹரி! சரியான பலகை இதுதான்," என்றார் நானா.

வில்லைச் செய்து முடித்ததும் கட்டையில் மாட்டி, நாணில் கயிறு கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று இருநூறு தடவை இழுத்தான். மரம் விரியும் சத்தம் ஒன்றும் வரவில்லை. அப்படியும் மைதானத்தில் விஜயகலா முதல் தடவையாக நாணை இழுத்தபோது, அவனால் பார்க்க முடியவில்லை.

'தட்' என்று ஒரு சத்தம்.

"அண்ணே, கண்ணத் தொறங்க. அம்பு இலக்குப் பலகையில நிக்குது."

அவள் அடுத்த அம்பை எடுத்துக்கொண்டிருந்தாள். வில் முழுசாக இருந்தது. அவன் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. வில் வேலை தொடங்கியதிலிருந்து நாலு வாரமாக அரைவயிறு சாப்பிட்டவன், அன்று மத்தியானம் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.