இரண்டு முட்டுக் கம்புகள்

கை பட்டதும் கம்பு ஆடியது. தையல்காரி சட்டென்று கையை எடுத்தாள்.

பின்னறையின் கூரைத்தளத்தைத் தாங்க நிறுத்திய முட்டுக் கம்புகளில் அது ஒன்று. பக்கத்துக் கம்பைத் தொட்டாள். அதுவும் ஆடியது. பார்வைக்கு இரண்டும் விறைப்பாகத்தான் நின்றன, பாரத்தைத்தான் தாங்கவில்லை.

எல்லாம் நேற்றுச் சாயங்காலம் செய்த வேலை. மழையில் வாடகை அறை ஒழுகியது. தையல் மெஷின் நனைந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அதை இந்தப் புது வீட்டுக்குள் கொண்டுவர, இரண்டு கம்புகளும் வழிமறித்தன. "வேண்டாம்டி, மேஸ்திரி கொன்னே போட்டுடுவாரு" என்று புருஷன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். அவள்தான் பிடிவாதமாக எடுக்க வைத்தாள். மெஷினை வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடியதும் கம்புகளைத் திரும்ப நிறுத்தியும் விட்டார்கள். அடியில் ஆப்பு அடித்து இறுக்க வேண்டும் என்பதுதான் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

வீடில்லாத குடும்பங்களும், லீவு நாளில் சம்பளமில்லாமல் கைகொடுக்க வருகிறவர்களும் சேர்ந்து கட்டுகிற வீடுகள் இவை. எந்தக் குடும்பம் உழைக்கிறதோ அதற்கே வீடு. ஆனால் முதல் நாளே மேஸ்திரி கறாராகச் சொல்லிவிட்டார்: "என்னைக் கேக்காம முட்டுக் கம்புல யார் கை வச்சாலும் அந்தக் குடும்பத்துக்கு வீடு கிடையாது. அப்புறம் வந்து அழாதீங்க." அவர் விளையாட்டுக்குக்கூடப் பேச்சு மாறாத மனுஷன்.

"தையலம்மா! உள்ள என்ன பண்றே? கல்லு ஏத்தணும், வா!" என்று வெளியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

அவள் வரிசையில் போய் நின்றாள். கை மாறிக் கை மாறிச் செங்கல் மேலே ஏறியது. தளத்தின் மேல், லீவு நாளில் கைகொடுக்க வரும் பல் டாக்டர் நின்று வாங்கினார். கல்லுக்கு வலிக்குமோ என்று பயந்தவர்போல் வாங்குவார். அதைச் சொல்லி எல்லோரும் கேலி செய்வார்கள். இன்று அவர் அடுக்கியது சரியாகப் பின்னறை மூலைக்கு மேலே.

சொன்னால் வீடு போகும். ஓடிப்போய் ஆப்பு அடித்துவிடலாமா? சுத்தியல் சத்தம் கேட்டால் மேஸ்திரி வந்து நிற்பார். கொஞ்சம் கல்தானே, தாங்கிவிடும் என்று மனசு சமாதானம் சொன்னது. கை பாட்டுக்குக் கல்லைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

"அக்கா, உங்க வீட்டுல முதல் சாப்பாடு எனக்குத்தான், மறந்துடாதீங்க!" என்று டாக்டர் மேலேயிருந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. வந்த கல்லைக் கீழே போட்டாள்.

"டாக்டர், இறங்குங்க! கல்லை விட்டுட்டு இறங்குங்க!"

அவர் ஏணியில் இறங்கியதும், "பின்னறை முட்டு ஆடுது!" என்றாள். மேஸ்திரி பின்னறைக்குள் ஓடினார். உள்ளே சுத்தியல் சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்தவர் முகம் கல்லாக இருந்தது.

"விரிசல் விட்டிருக்கு. அந்த மூலையை உடைச்சுத்தான் திரும்பப் போடணும். யார் வேலை?"

பொய் சொல்ல வராதவள் இல்லை அவள். ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் தினம் ஒன்று சொல்கிறவள்தான். இன்று ஒரு பொய்யும் வாயில் வரவில்லை.

"நான்தான், மேஸ்திரி. எங்க வீட்டுக்காரரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

மேஸ்திரி அவளைப் பார்க்காமல் தளத்தைப் பார்த்தார்.

"முதல்ல மேல இருக்கிற கல்லு இறங்கணும். முட்டு இறுக்கிட்டேன். யாராவது ஏறுங்க."

டாக்டர் உட்பட எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான் ஏறறேன்" என்றாள் அவள்.

"உனக்குத்தான் வீடு இல்லேன்னு ஆயிடுச்சே?"

"யாரோ குடியிருக்கப் போற வீடுதானே, மேஸ்திரி."

புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள். தன் வீட்டுக் கூரைமேல் முதல்முறையாக ஏறுகிறோம், இனி ஏறப்போவதில்லை என்று நினைத்ததும் கண்ணீர் முட்டியது. சுவரை ஒட்டி நடந்து முதல் கல்லை எடுத்தாள். கீழே மேஸ்திரி பின்னறைக்குள் நுழைந்து, விரிசலுக்கு நேர் கீழே, கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குனிந்து கல்லைக் கீழே நீட்டினாள். கல் நழுவப் பார்த்து ஏணியில் மோதியது.

"ஏய், மெதுவா!" என்று ஜன்னல் வழியே மேஸ்திரி கத்தினார். "ஒவ்வொண்ணா குடு. உடைஞ்சா உன் வீட்டுக்குத்தான் கல்லு குறையும்!"