பந்து யார் கையில்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு முடித்து நிமிர்ந்தபோது, சின்ன சிஸ்டர் ஒரு நாற்காலியை மட்டும் ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி வைப்பதைப் பெரிய சிஸ்டர் பார்த்தாள்.

"நூலகக்காரம்மாவுக்குக் கண்ணுல வெயில் அடிக்குதுக்கா."

பதினோரு வருடமாக அந்த ஜன்னலில் அதே வெயில்தான் அடிக்கிறது. யாருக்கும் கண் அவிந்துபோகவில்லை. பெரிய சிஸ்டருக்குச் சுருக்கென்றது.

மனநலப் பிரிவில் செவ்வாய்க்கிழமைக் கூட்டம் அவள் பெற்ற பிள்ளை மாதிரி. சிகிச்சைக்கு வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து மனதில் கிடப்பதைப் பேசும் கூட்டம். சிவப்புக் கம்பளி நூலில் பந்து பின்னிக் கொண்டுவந்தவள் அவள்தான், சட்டமும் அவளுடையதுதான். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும். "இந்த நிமிஷம் மனசுல என்ன இருக்கு?" என்ற கேள்விக்கு உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு, இன்னொருவருக்குப் பந்தைப் போட வேண்டும். யாராவது பாதியில் நின்றால், "ம், அப்புறம்?" என்று எடுத்துக்கொடுப்பாள். நாலு மாதம் முன்னால் வந்த இந்தச் சின்னவளோ, யார் நின்றாலும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். சும்மா உட்கார்ந்திருக்க ஒரு படிப்பு வேறயா என்று பெரிய சிஸ்டர் மனதுக்குள் கறுவுவாள்.

அப்படிச் சும்மா இருந்ததற்குத்தான் நூலகக்காரம்மா வாயைத் திறந்தாள். சிகிச்சைக்கு வந்த இரண்டு மாதத்தில் ஒரு வார்த்தை பேசாதவள். நர்ஸுகளுக்குள் அவள் பெயரே மௌனசாமி. பெரிய சிஸ்டர் அவளுக்குத் தலை வாரிவிட்டாள், கெஞ்சினாள், கொஞ்சினாள். சுவரோடு பேசிய கதைதான். போன வாரம் இவள் மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வந்தால், சின்னவளிடம், "வெயில் கண்ணைக் குத்துது" என்று சொல்லிவிட்டாளாம்! அந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்ததே பெரிய சிஸ்டர்தான். வார்டே அதைக் கொண்டாடியபோது அவளும் பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தாள்.

"கூட்டத்தை இனிமே சின்ன சிஸ்டர்கிட்டயே விட்டுடலாமான்னு பாக்கறேன். செவ்வாய்க்கிழமை அவங்களே நடத்தட்டும், பாத்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தார் டாக்டர். சொன்னபடியே இன்று கதவைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு வெளியே நின்றார்.

கூட்டம் தொடங்கியபோது பந்து தையல்காரர் கையில் இருந்தது. மனைவி விட்டுப்போனதைச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்றுவிட்டார். சின்னவள் வழக்கம்போலக் காத்திருந்தாள். லாரி ஓட்டுபவருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலி பின்னால் சாய எழுந்தார்.

"வாராவாரம் இதே ஒப்பாரி! இந்த மூஞ்சியப் பாத்துட்டு எவ இருப்பா? நல்லவேளை, ஓடிட்டா!"

"சார், ப்ளீஸ்... பந்து அவர்கிட்ட இருக்கு..." என்றாள் சின்னவள்.

"பந்தாம் பந்து! நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா?"

என்ன செய்ய வேண்டும் என்று பெரிய சிஸ்டருக்குக் கரதலப்பாடம். எதிரே நின்று அதட்டக் கூடாது. நாற்காலியைத் தூக்கிப்போய் அவர் பக்கத்தில், தோளோடு தோளாக உட்கார வேண்டும். "கோவம் இருக்கட்டும், உக்காந்து கோவப்படுங்க" என்று தணிந்த குரலில் சொல்ல வேண்டும். எத்தனை முறை செய்திருக்கிறாள்! சின்னவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அக்கா, கொஞ்சம் வாங்களேன் என்று அந்தக் கண் கேட்டது.

பெரிய சிஸ்டர் குறிப்பேட்டைத் திறந்து தேதி எழுதினாள். ஏற்கெனவே எழுதிய தேதிதான். அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினாள். படட்டும், டாக்டரும் பார்க்கட்டும் என்று நினைத்தாள். தித்திப்பாகத்தான் இருந்தது, சொன்னால் என்ன.

தையல்காரர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு முழங்காலுக்குள் குனிந்தார். பந்து உருண்டது.

நூலகக்காரம்மா எழுந்தாள். பந்தை எடுத்தாள். சின்னவளைத் தாண்டி நேராக வந்து, குறிப்பேட்டின் மேல் அதை வைத்தாள்.

"இந்த நிமிஷம் மனசுல என்ன இருக்கு?"

பெரிய சிஸ்டர் கேட்கும் அதே இழுப்பு, அதே அக்கறை. மௌனசாமி பேசியதைக் கேட்டு லாரிக்காரர்கூட உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸிடம் பந்து வந்ததே இல்லை. சிரித்துச் சமாளிக்கலாம். "எனக்கில்லம்மா" என்று திருப்பிக் கொடுக்கலாம். யாராவது "ம், அப்புறம்?" என்றாலாவது அதைப் பிடித்துக்கொண்டு எதையாவது பேசிவிடலாம். சின்னவள் சொல்லவில்லை. கண்ணில் நீர் முட்ட, காத்திருந்தாள். கதவு இன்னும் பாதி திறந்தே இருந்தது. ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று பெரிய சிஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

"பொறாமை" என்றாள். "இந்தப் பொண்ணு மேல. அவ தோக்கட்டும்னுதான் எழுந்து வரல. அதுல உங்களை அடிபட விட்டுட்டேன், தையல்காரரே."

சொல்லியாயிற்று. இனி யாருக்காவது போட வேண்டும். யாருக்கென்று தெரியாமல் பந்தை வைத்துக்கொண்டிருந்தாள். எதிரே தையல்காரர் தலையிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொன்றை. இரண்டையும் சேர்த்து, பிடிப்பதற்குத் தோதாக அவள் பக்கம் நீட்டினார்.