மூன்று தட்டு

நிலநடுக்கப் பதிவு அறையில், எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவளுடைய சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. இரண்டு நிலத்தட்டுகள் முட்டிக்கொண்டு மலையாக எழும்பிய இடம் அது. நாற்பது கிலோமீட்டர் ஆழத்தில் பூமி இருமினாலும், கருவி வரையும் அலைகோட்டைப் பார்த்தே எங்கே, எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று அவளிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

போன வருடம் ஒரு நாள் காலை ஏழரைக்குப் பெரிய நடுக்கம் வந்தது. அவளுடைய கூடப்பிறந்த தம்பி மலைச்சரிவில் கருவி வைத்திருந்த குழியறைக்குள் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தான். மண் சரிந்து அறையை மூடியது. அதே நொடியில் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அலைகோடும் அறுந்தது. மீட்புக்காரர்கள் அவளைத்தான் கேட்டார்கள்.

"கருவியே நொறுங்கிடுச்சு. உள்ள யாரும் பொழச்சிருக்க முடியாது. நீங்க வேற எடத்துக்குப் போங்க" என்று அழாமல் சொன்னாள். போய்விட்டார்கள்.

போன வாரம்தான் தோண்டி எலும்பையும் கருவியையும் எடுத்தார்கள். நொறுங்கியிருந்தது பதிவை அனுப்ப வெளியே நட்டிருந்த ஆண்டெனா மட்டும். கருவி மண்ணுக்குள் தன்பாட்டுக்குப் பதிந்துகொண்டே இருந்திருக்கிறது.

இன்று காலை அந்தப் பதிவைத் திறந்தாள். பின்னதிர்வுகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கீறல்கள். மூன்று. இடைவெளி. மறுபடி மூன்று. கருவியை வைத்ததும் பக்கத்துத் தரையில் மூன்று முறை தட்டிப் பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். தம்பி அங்கே தட்டுவான். இவள் இங்கிருந்து போனில் "வந்துடுச்சுடா" என்பாள். அவள் சொல்லும்வரை விடமாட்டான், பிடிவாதக்காரன்.

ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் தட்டியிருக்கிறான். நாலு மணி சுமாருக்கு மேலே யாரோ நடந்த காலடிகள் விழுந்திருந்தன. உடனே தட்டுகள் கணக்குவழக்கில்லாமல், வெறி பிடித்த மாதிரி. பிறகு காலடிகள் விலகிப் போயின. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் மூன்று மூன்றாகத் தட்டினான். அப்புறம் பூமி மட்டும்தான்.

தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்குக் கை எழவில்லை.

மத்தியானம் தம்பி மனைவி, குழியில் கிடைத்த அவனுடைய பையை வாங்கிப்போக வந்தாள். திரையில் இருந்த கோட்டைப் பார்த்தாள். அவளுக்கு அதெல்லாம் வெறும் கிறுக்கல்.

"அன்னைக்கு நாலு மணிக்கு நானும் மேல ஏறிப் போனேன் அண்ணி. அந்த மண்ணு மேலயே நடந்து நடந்து கத்தினேன். நீங்களே சொல்லிட்டீங்கன்னுதான் என்னை எறக்கிக் கூட்டிட்டு வந்தாங்க." பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நிஜமா ஒரே நொடிதானே அண்ணி? கஷ்டப்படலையே?"

அக்கா திரையை அணைத்தாள். அலைகோட்டுக்கு மாறாக அவள் வாழ்நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஒரே நொடிதாம்மா."

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க அப்படிச் சொன்னதாலதான் அண்ணி நான் இன்னும் உசுரோட இருக்கேன்."