மூப்பர் வைத்த பரீட்சை

மாப்பிள்ளைப் பையனைப் பற்றி ஊரெல்லாம் விசாரித்து முடித்த பிறகும் தேவசகாயத்துக்கு ஒரு பரீட்சை பாக்கி இருக்கும். கடலூரில் ரிட்டையர்டு தலைமையாசிரியர், சர்ச் சபையில் மூப்பர். பரீட்சை வைக்காமல் யாரையும் நம்பிப் பழக்கமில்லை. பெண் கேட்டு வருகிறவனைப் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, பாண்டிச்சேரி எல்லையில் இருக்கும் ரெஸ்டாரண்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவார். பெயர்தான் ஃபேமிலி ரெஸ்டாரண்ட். மெனு அட்டையின் முன்பக்கம் பிரியாணி, பின்பக்கம் முழுக்கச் சரக்கு. நெல்லிக்குப்பத்து வரன் அட்டையைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினான். அதோடு அவன் கதை முடிந்தது.

“வாயால கேட்டா எவன் உண்மைய சொல்லுவான்? எதுர்ல வச்சிதான் பாக்கணும்” என்றார் காரில் போகும்போது. சொன்னது பக்கத்தில் இருந்த மகள் அறிவுமதியிடம்.

அவளுக்கு விடை முன்பே தெரியும். இன்று வரப்போகிற சேரன், சிதம்பரத்தில் பேங்க் வேலையில் இருப்பவன், பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு போனில் பேசினான். “எப்பனா ஃப்ரெண்ட்ஸோட ரெண்டு கிளாஸ் வைன் குடிப்பேங்க. உங்க அப்பா கேட்டாலும் மறைக்க மாட்டேன்” என்றான். அந்தப் பேச்சுக்காகத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது. இதுவரை வந்தவர்கள் அத்தனை பேரும் உத்தமர்களாகவே வந்தார்கள்; தன் குறையைத் தானே சொன்னவன் இவன் ஒருத்தன்தான். அவன் உண்மையைச் சொல்லட்டும், அப்பாவிடம் சண்டை போட்டாவது இவனையே கட்டிக்கொள்வது என்று தீர்மானமாக இருந்தாள். பரீட்சை இருக்கிறது என்று அவனுக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பவில்லை. அதற்குத் தேவையிருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

சேரன் இஸ்திரி கலையாத சட்டையில் முன்னதாகவே வந்து காத்திருந்தான். பக்கத்து மேஜையில் ஒரு கும்பல் பீர் பாட்டில்களுக்கு நடுவே பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தது.

“ட்ரிங்க்ஸ் என்ன சார்?” என்றார் சர்வர்.

“தம்பிய கேளுப்பா” என்றார் தேவசகாயம், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

“எனக்கு ஃப்ரெஷ் லைம் போதும்” என்றான் சேரன்.

சர்வரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வான் என்று அறிவுமதி தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தந்தூரி சிக்கன் ஆர்டர் எடுத்துக்கொண்டு சர்வர் நகர்ந்ததும் அப்பா அடுத்த கேள்வியைப் போட்டார்.

“கூச்சப்படாதீங்க தம்பி. இந்தக் காலத்துல யாரு குடிக்கல? எப்பனா ஒரு பீரு, வைனு?”

“அய்யோ மாமா, அந்த வாடையே எனக்கு ஆவாது.”

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அறிவுமதி அவன் வாயையே பார்த்தாள். என்ன சரளமாக வருகிறது! திக்கவில்லை, எச்சில் விழுங்கவில்லை. போனில் உண்மையைச் சொன்ன அதே குரல்.

சர்வரைக் கூப்பிட்டு ஒரு ரெட் வைன் சொன்னாள். “யாருக்கும்மா?” என்று அப்பா பதறினார். “வரட்டும்ப்பா” என்றாள். வந்ததும் கிளாஸைச் சேரன் முன்னால் நகர்த்தினாள்.

“என்கிட்ட சொன்னத அப்பாகிட்டயும் சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

சேரன் கிளாஸைப் பார்த்தான். அப்புறம் தேவசகாயத்தைப் பார்த்தான். கல்யாணத்தை முடிவு செய்கிறவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“நான் அப்பிடி ஒண்ணும் சொல்லலீங்களே. வேற யாரோ சொன்னத நான் சொன்னதா நெனச்சிட்டீங்க போல” என்று சிரித்தான்.

மூன்று தடவை மறுத்தாயிற்று. ஞாயிறு பள்ளியில் படித்த பைபிள் கதையில் சீடன் மூன்றாம் தடவை குருவை மறுத்ததும் சேவல் கூவும்; அந்தக் கணக்கில் இந்நேரம் சேவல் கூவியிருக்க வேண்டும். அது தந்தூரியாகி, வெங்காயமும் எலுமிச்சையுமாக மேஜைக்கு வந்தது.

அறிவுமதி கிளாஸைத் தன் பக்கம் இழுத்து ஒரு வாய் குடித்தாள். சர்ச் திருவிருந்தில் நாக்கு நனைத்ததைத் தவிர அவளுக்கு அதுதான் முதல் வைன்.

“எனக்கு இவரு வேணாம்ப்பா.”

“என்னம்மா பேசற? தங்கமான புள்ள. தொடறதே இல்லங்கறாரு.”

“குடிக்கிறவர்னு தெரிஞ்சிதான் சரின்னேன். இப்ப இல்லன்னு சொல்றாரு பாருங்க, அதான் வேணாம்.”

“உங்களுக்காகத்தானே...” என்று ஆரம்பித்த சேரன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தப் பாதியே போதும். எத்தனையோ விடைத்தாள் திருத்திய தேவசகாயம், நூற்றுக்கு நூறு போட்ட தாளில் காப்பியடித்ததைக் கண்டதுபோல அவனை வெறித்துப் பார்த்தார். கோழியை மூன்று பேரும் தின்று முடித்தார்கள். ஆர்டர் பண்ணியதை வீணாக்குவது அந்த வீட்டு வழக்கமில்லை.

திரும்பும்போது அறிவுமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அவனை அவளுக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

பாலத்தில் ஏறியதும் அப்பா கேட்டார்.

“எப்பிடி இருந்துச்சி அது?”

“புளிச்சிதுப்பா.”

“சரி வுடு. அம்மா கேட்டா, நீ குடிச்சத மட்டும் சொல்லாத.”

அறிவுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கேட்டா சொல்லுவேன்ப்பா” என்றாள்.