டோலரெஸ் வாசிக்காத ஸ்வரங்கள்

1

வெட்டப்பட்ட ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை. வாக்கியம் இது: "நீங்கள் வாசிக்காத ஸ்வரங்களையும் இந்தக் கருவி எழுதும்."

மில்வாக்கியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதுவது என் பிழைப்பு. வாசிப்பதைக் கேட்டுத் தானே இசைக்குறிப்பாக எழுதித் தரும் கருவி ஒன்றை அங்கே செய்தார்கள். அதன் கையேட்டில்தான் அந்த வாக்கியத்தை எழுதினேன். மேலே இருப்பவர்கள் அதை அடித்துவிட்டு, "விடுபட்ட ஸ்வரங்களை நிறைவு செய்யும்" என்று போட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்களானால், உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2

முதல் தொடக்கம்: மிச்சிகன் ஏரியிலிருந்து அடித்த காற்றில் டோலரெஸ் பிலார்ஸ்கியின் இடது கை...

(வேண்டாம். காற்றுக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: பக்கவாதம் ஒரு கலைஞரின் விரல்களை முடக்கலாம், ஆனால் அவரது...

(சீ. விளம்பரப் படத்தின் வாடை.)

நேராகவே சொல்கிறேன். டோலரெஸ், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குக் கூட்டம் சேரும் விடுதிகளில் பாதி ஆயுளைப் பியானோ வாசித்துக் கழித்தவர். பக்கவாதம் வந்தது. இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போயின. அவர் இடதுகைக்காரர் என்பதால் பென்சிலும் போயிற்று. மிச்சமிருந்த மூன்று விரல்களுக்காகவே அவர் ஓர் இசை அமைத்தார். அதில் ஓரிடத்தில் இடது கை நின்றுவிடும். வலது கை மட்டும் தனியே போகும், துணை வந்தவர் பாதி வழியில் இறங்கிக்கொண்ட மாதிரி. அதைத் தாளில் ஏற்ற வழியில்லாமல்தான் எங்கள் கருவியைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று வந்தார்.

3

கருவியைச் செய்தவன் கர்ட் நேல்ஸ். இவனை அயோக்கியனாக எழுதிவிட்டால் என் வேலை பாதியாகக் குறையும். முயன்றேன். ஒரு பத்தி முழுக்க அவன் உதட்டைக் கோணல் ஆக்கினேன். நிற்கவில்லை. பனிப்புயலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் டோலரெஸ் வீட்டு மைக்கைச் சரிசெய்து கொடுத்தவன் அவன். போகும்போது சூப்பும் வாங்கிப் போனான். இதை எழுத எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது இதுதான்.

அவன் செய்த கருவியின் முதல் வடிவம் கேட்டதை மட்டும் எழுதியது. அச்சாகி வந்த தாளை டோலரெஸ் பியானோ மேல் வைத்துப் படித்தார். இடது கை நிற்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டார்.

"ஏய் கர்ட், ஓட்டைய ஓட்டையாவே எழுதியிருக்கியே! ஆஸ்பத்திரில எல்லாரும் அய்யோ பாவம்னு இந்த ரெண்டு விரலையே தடவிக்கிட்டு இருந்தாங்கப்பா. உன் மிஷினுக்குத் துளி இரக்கம் இல்ல. நல்ல மிஷின்!"

"அதுக்கு நான் இரக்கமெல்லாம் வைக்கல, டோலரெஸ்."

"வச்சிடாத."

4

வைத்துவிட்டார்கள்.

மெல்ல அழுத்திய ஸ்வரங்களை மைக் தவறவிடுகிறது என்று வாங்கப்போகிறவர்கள் குறைப்பட்டார்கள். அதனால், கேட்காத இடத்தில் எது இருந்திருக்கும் என்று ஊகிக்கக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உலகத்து இசைத்தாள்களையெல்லாம் அதன் வாயில் திணித்தார்கள். சோதனையில் மதிப்பெண் ஏறியது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

(இங்கே ஒரு பக்கக் குறிப்பு: பத்தில் ஒன்பது பேருக்கு அந்த ஊகம் சரியாகவே இருந்தது. என் கோபம் பத்தாவது ஆளைப் பற்றியது. அவரைக் கணக்கில் "விதிவிலக்கு" என்றார்கள்.)

5

வெளியீட்டு விழாவில் டோலரெஸை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கருவி எழுதிய அவருடைய தாளை ஓர் இளைஞர் மேடையில் வாசித்தார். அந்த இடம் வந்தது. இடது கை நிற்கவில்லை. வெல்லப்பாகு மாதிரி ஸ்வரங்கள் வழிந்துகொண்டே போயின. நிறைவாக இருந்தது. அழகாகவும் இருந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

டோலரெஸ் உட்கார்ந்தே இருந்தார். கைதட்டல் ஓய்ந்த பிறகு எழுந்தார்.

"இது நான் வாசிச்சது இல்ல."

கர்ட் மேடையிலிருந்து குனிந்தான். "டோலரெஸ், உங்க விரல்ல விட்டுப்போனத மட்டும்தான் அது சரி பண்ணியிருக்கு..."

"விட்டுப்போகல. விட்டேன்."

டோலரெஸ் மேடையை நோக்கி நடந்தார்.

"என் கை செத்த எடத்த நான் எழுதினேன்டா. அதுல ஜாம் தடவி எனக்கே ஊட்டுறீங்களா? தாளு மேல யார் பேரு இருக்கு? என் பேரு! எடு அத!"

மேடையேறி, இளைஞரை எழுப்பிவிட்டு, அவரே வாசித்தார். அந்த இடத்தில் இடது கை மடிமேல் இறங்கியது. பின்வரிசையில் சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வாசித்து முடித்ததும் தாளை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு நேரே வாசலுக்குப் போனார்.

மறுவாரம் நிறுவனம் காணொளி வெளியிட்டது. கைதட்டலோடு அது முடிந்துவிடுகிறது. "இழந்த இசை திரும்பியது" என்று அதற்குத் தலைப்பு. இழந்ததாக அவர் யாரிடம் சொன்னார்?

கர்ட் சண்டை போட்டான் என்று கேள்விப்பட்டேன். ஊகத்தை நிறுத்த ஒரு பொத்தான் வைத்தார்கள், எவரும் திறக்காத பட்டியலின் அடியில். நானும் என் வாக்கியத்துக்காகச் சண்டை போட்டேன். எனக்குப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை. வேலையை விட்டேன்.

6

இந்தக் கதையைக் கேட்ட பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார்: "கடைசி ரொம்ப மொட்டையா இருக்குங்க. அந்தப் பையன் அவங்க வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேக்குற மாதிரி ஒரு சீன் வைங்களேன். வாசகர் மனசு நிறையும்."

வைத்துப் பார்த்தேன். கர்ட் கதவைத் தட்டுகிறான். டோலரெஸ் திறக்கிறார். இருவரும் பியானோ முன்...

(இல்லை. அவன் போகவில்லை.)

வழக்குப் போட்டு ஜெயிக்கிறார் என்றும் எழுதினேன். அவர் வழக்கே போடவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: டோலரெஸ் இப்போது அந்த இசையை வலது கையால் தாளில் எழுதப் பழகுகிறார். எழுத்து கோணல்மாணல். போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது இரண்டாம் பக்கத்தில் இருந்தார். உதவட்டுமா என்றேன்.

"வாய மூடிக்கிட்டு உக்காரு. அதான் உதவி."

மூன்றாம் பக்கத்தை அவர் இன்னும் எழுதவில்லை. அதனால் நானும் எழுதவில்லை. கீழே இடம் இருக்கிறது. மனசு நிறைய வேண்டுமானால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அதன் அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். அவர் பெயரைப் போடாதீர்கள்.